அக்கா நண்டைத்தான் பார்த்தாள்

எங்கள் அக்கா ஒரு சினிமாவில் வருவாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடுவாள். பச்சைப் பாவாடை, இரட்டைச் சடை, குனிந்த தலை, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு சிரிப்பு. உடனே பாட்டு தொடங்கும், சைக்கிள் சக்கரம் ஒன்று சுற்றும், அது நிற்கும்போது அக்கா நின்ற இடத்தில் தாவணி கட்டிய கதாநாயகி நிற்பாள். சக்கரம் ஒரு சுற்று சுற்றி முடிவதற்குள் எங்கள் அக்காவை வளர்த்துவிட்டார்கள்.

அப்போது அக்கா ஏழாம் வகுப்பு, நான் மூன்றாவது. பழவேற்காடு ஏரியை ஒட்டிய எங்கள் குப்பத்துக்கு ஷூட்டிங் வந்திருந்தது. சென்னையிலிருந்து அவர்கள் கூட்டி வந்த பிள்ளைக்குப் படகில் ஏறியதுமே வாந்தி. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அக்காவைப் பிடித்து அந்தப் பாவாடையை மாட்டினார்கள். வசனம் ஒன்றும் கிடையாது. “கீழ பாத்து சிரி பாப்பா, போதும்” என்றார் உதவி இயக்குநர். வெறும் மணலைப் பார்த்தால் யாருக்குச் சிரிப்பு வரும்? அக்காவுக்கும் வரவில்லை. அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, அவள் காலடியில் விடுவதற்கு ஒரு நண்டைப் பிடிக்கப் போனார். அது கொடுக்கால் அவர் விரலைக் கவ்விக்கொண்டது. மனுஷன் கரையில் குதித்த குதி இருக்கிறதே! கையை உதறியதில் நண்டு அக்காவின் காலடியில் வந்து விழுந்து ஓடியது. பெரியவர்களைப் பார்த்துச் சிரிக்கக் கூடாதே என்று அக்கா உதட்டைக் கடித்து, தலையைக் குனிந்து, அந்த நண்டையே பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது என்பதே யாரோ “சூப்பர்” என்று கத்தியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இதெல்லாம் நான் பக்கத்தில் நின்று பார்த்தது. கதாநாயகன் அன்றைக்கு எங்கள் ஊர்ப் பக்கமே வரவில்லை.

படம் வந்ததும் மீன் ஏற்றுகிற டெம்போவைக் கழுவிவிட்டு, குப்பத்தில் பாதிப் பேர் அதில் ஏறிக் கும்மிடிப்பூண்டிக்குப் போனோம். நைனா இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். அம்மா அக்காவுக்குக் கனகாம்பரம் வைத்துவிட்டிருந்தாள். வழியெல்லாம் பாட்டும் கூச்சலும்தான். திரையில் மீசை வைத்த வாலிபன் ஒருவன் சைக்கிளில் வந்து திரும்பிப் பார்க்கிறான். அடுத்து அக்காவின் முகம். தலையைக் குனிகிறாள், உதட்டைக் கடிக்கிறாள். தியேட்டரே விசிலடித்தது. எங்கள் ஆட்கள் ஒருத்தரும் கை தட்டவில்லை. திரும்பும்போது டெம்போவில் பேச்சே இல்லை. அக்கா மட்டும், “அது நண்டு நைனா, நண்டப் பாத்துதான் சிரிச்சேன்” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நானும் ஆமாம் ஆமாம் என்றேன். “நீ வாய மூட்றீ” என்று அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

கண்ணால் காண்பதும் பொய் என்று எங்கள் ஊரிலும் சொல்வார்கள். சினிமாவுக்கு மட்டும் அந்தப் பழமொழி செல்லாது போலிருக்கிறது. டீக்கடையில் நைனாவைப் பார்த்து, “இன்னாபா, மாப்ள தேட ஆரம்பிச்சிட்டியா?” என்று கேட்டார்கள். கேலிதான். ஆனால் பார்க்கிறவர்களெல்லாம் கேட்டார்கள். வலை பின்னுகிற இடத்தில் பெண்கள், “பிஞ்சுல பழுத்துது அது, சைக்கிள்ல வந்தவன பாத்து இன்னா சிரிப்பு சிரிக்குது” என்றார்கள். அதுவரை ‘பாப்பா’ என்று கூப்பிட்டவர்கள் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் நைனா, “இஸ்கூலு போதும்” என்றார். அவர் கெட்டவர் இல்லை. அக்காவை அடித்ததில்லை, திட்டியதுகூட இல்லை. போதும் என்றார், அவ்வளவுதான்.

அக்கா நன்றாகப் படிக்கிறவள். டீச்சராக வேண்டும் என்று எங்களையெல்லாம் உட்காரவைத்துப் பாடம் நடத்துவாள். பள்ளியை நிறுத்திய பிறகும் ரொம்ப நாள் காலையில் குளித்து, யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள். நைனா அவளைத் தாண்டி ஏரிக்குப் போவார். அப்புறம் ஒருநாள் அவளே அதைத் துவைத்து மடித்து, “நீ பெரிசானா போட்டுக்கோ” என்று என்னிடம் கொடுத்துவிட்டாள். அதைப் போட்டுக்கொண்டுதான் நான் பெரிய வகுப்புகளுக்குப் போனேன். அப்புறம் ப்ளஸ் டூ முடித்தேன், சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை வாங்கினேன். அவளுக்குப் பதினெட்டு முடிந்ததும் கல்யாணம் ஆனது. நினைத்தால் எனக்குக் கோபம் வர வேண்டும். வருவதில்லை. ஒரே பக்கமாக உட்கார்ந்து மரத்துப்போன காலைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

இப்போது வேறொரு படத்தை வைத்து ஊரே சண்டை போடுகிறது. பள்ளிக்கூடத்துப் பெண்ணை இப்படியா காட்டுவது என்று ஒரு கூட்டம், இல்லாததையா காட்டிவிட்டான் என்று இன்னொரு கூட்டம். எங்கள் கம்பெனி பஸ்ஸிலும் அதே பேச்சு. “தட பண்ணணும்க்கா” என்கிறாள் ஒருத்தி. “அதுங்கோ அப்பிடித்தான கீதுங்கோ, படத்த இன்னாத்துக்குத் திட்ற?” என்கிறாள் பக்கத்து சீட்டுக்காரி. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். இரண்டு பேருமே நல்லவர்கள். இரண்டு பேருக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா போன பிறகு நைனா அங்கேதான் இருக்கிறார். டிவியில் அந்தச் சண்டையேதான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்திலிருந்தே இப்படித்தான் காட்டுகிறார்கள் என்று ஒருவர் சொல்ல, உதாரணத்துக்குப் பழைய படங்களிலிருந்து சில துண்டுகளைப் போட்டார்கள். நடுவில் பச்சைப் பாவாடை வந்தது. முகத்தை மட்டும் மங்கலாக்கி மறைத்திருந்தார்கள். குழந்தையின் அடையாளம் தெரியக் கூடாதாம். அடேங்கப்பா, இப்போதாவது தோன்றியதே! குழந்தை என்று அவளை ஒருத்தர் சொல்லி இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் கேட்டேன்.

நைனா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் திரும்பி, எறா உரித்துக்கொண்டிருந்த அக்காவைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, அன்னிக்கி நீ நெசமாவே நண்டத்தான் பாத்தியா?”

அவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆமாம் நைனா என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அக்கா, தலையைத் தூக்காமல், கையையும் நிறுத்தாமல் சொன்னாள்.

“தெர்ல நைனா. அல்லாரும் அவன பாத்து அவன பாத்துன்னு சொல்லி, இப்ப எனக்கே தெர்ல.”