ஒரு சாண் தள்ளிவைத்த கிண்ணம்

அந்த மதுக்கிண்ணம் என்னுடையது. குணம் அண்ணையினுடையது அன்று.

இந்த இரண்டு வாக்கியங்களைச் சொல்ல எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின... அதையும், கேட்கவேண்டியவரிடம் சொல்லாமல் உங்களிடம் சொல்கிறேன்.

மொன்றியல் தமிழ் மேடைகளில் என்னைக் கேட்டிருப்பீர்கள். எங்கே குரலை உயர்த்த வேண்டும், எங்கே நிறுத்தி மூச்சு வாங்கினால் அவை கைதட்டும் என்பதையெல்லாம் பன்னிரண்டு வயதிலேயே பயின்றவள் நான். 'மது குடும்பத்தின் பகை' என்று ஏழு நிமிடம் முழங்கி முதற்பரிசு பெற்ற நாளில், முன்வரிசையில் இருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டவர் குணம் அண்ணை. குடியால் மனைவி சாந்தி அக்காவையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் ஒருமுறை இழந்து, 'இனித் தொடமாட்டேன்' என்று சத்தியம் செய்து அவர்களைத் திரும்பப் பெற்றவர். மூன்று ஆண்டுகளாக அந்தச் சத்தியத்தைக் காத்தவர்.

நாங்கள் இருவரும் மொன்றியலை அடுத்த டோர்வலில், விமானங்களுக்கு உணவு தயாரிக்கும் நிறுவனமொன்றில் வேலை செய்தோம். அவர் சமையற்கூடத்தில், நான் அலுவலகத்தில். உணவுத்துறைக் கண்காட்சி ஒன்றுக்காக எங்களையும் மேலாளரையும் லாஸ் வேகஸுக்கு அனுப்பினார்கள்.

அந்த விடுதியை எப்படி வருணிப்பேன்! அறைக்குப் போவதானாலும் காலையுணவுக்குப் போவதானாலும் சூதாட்ட இயந்திரங்களின் நடுவேதான் நடக்கவேண்டும். எங்கும் கடிகாரம் இல்லை. கூரையிலே வானம் தீட்டியிருந்தார்கள். அங்கே எந்நேரமும் அந்திதான்.

"தங்கச்சி, மேகமெல்லாம் வடிவாக் கீறியிருக்கிறாங்கள். மழைதான் பெய்யாது," என்றார் அண்ணை. "இஞ்ச பல்லு விளக்கப் போறதெண்டாலும் சூதுக்கடைக்குள்ளாலதான் போகவேணும் போல!"

மூன்றாம் நாள் மதியம், மேலாளர் எங்களுக்கு விருந்தளித்தார். நண்டுக்கால்கள், வாட்டிய காளான், வெண்ணெயில் தோய்ந்த ரொட்டி... பரிசாரகர் சிவப்பு வைன் ஊற்றிக்கொண்டு வந்தபோது அண்ணை தம் கிண்ணத்தைக் கவிழ்த்துவைத்து, இஞ்சிச் சோடா கேட்டார். நான் கவிழ்க்கவில்லை. ஏன்? தாகமா? இல்லை. முழங்கி முழங்கி நான் பகைத்த பொருளின் சுவைதான் என்ன என்று அறியும் அகந்தை!

இரண்டாம் கிண்ணம் பாதியாகியிருந்தது. அண்ணை மறுபக்கம் திரும்பி, "இதுக்குள்ள மாட்டிறைச்சி கிடக்கோ?" என்பதைத் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பரிசாரகரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். அப்போது மேலாளர் படமெடுக்கக் கைப்பேசியை உயர்த்தினார்.

நம்மவர்க்கு அந்தக் கணத்தில் கை தானாக நகரும் என்பது உங்களுக்குத் தெரியாதா? கலியாண வீடுகளில் பார்த்ததில்லையா, படம் என்றதும் போத்தல்கள் மேசைக்கடியில் இறங்குவதை? என் கையும் நகர்ந்தது. கிண்ணத்தை ஒரு சாண் தள்ளினேன்... அண்ணையின் தட்டருகே.

ஒரு சாண்தான்!

மேலாளர் அப்படத்தை நிறுவனத்தின் வாட்ஸப் குழுவில் இட்டார். எங்கள் சமையற்கூடத்தில் பாதிப்பேர் தமிழர். நாங்கள் வீடு திரும்புவதற்குள் படம் சாந்தி அக்காவைச் சென்றடைந்திருந்தது.

மறுநாள் மாலை, நோத்ர-டாம்-த-கிரேஸில் உள்ள எங்கள் வீட்டு வாசலில் அக்கா நின்றார். குளிரங்கியைக் கழற்றவில்லை. உள்ளே வரவும் இல்லை.

"பிள்ளை, அவர் தொடவேயில்லையாம். அந்தக் கிளாஸ் உம்மடையாம். அவர் முந்தியும் இப்பிடி ஆயிரம் கதை சொன்னவர்... நீர் மேடையில நிண்டு கதைச்ச பிள்ளை. நீர் சொல்லும். நீர் சொன்னா நான் நம்புவன்."

குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா செவிகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அக்கா, அண்ணை நல்ல மனுசன். ஒரு நாள் பிழைக்காக அவரைக் கைவிட்டிடாதேங்கோ."

பாருங்கள், எவ்வளவு நேர்த்தியான வாக்கியம்! பிழை யாருடையது என்று நான் சொல்லவேயில்லை. இரக்கத்தின் குரலில், தேவையான இடத்தில் மூச்சு வாங்கி, ஒரு மனிதரை முடித்துவிட்டேன். என் வாழ்வின் மிகச்சிறந்த பேச்சு அதுதான்... அவையில் இருந்தவர் ஒருவரே.

அக்கா திரும்பிப் படியிறங்கிப் போனார். அந்த வாரமே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ரொறொன்ரோவில் இருக்கும் தம் தங்கையிடம் போய்விட்டார்.

அண்ணை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறுமொழி கூறியிருப்பேன்; அதில்தானே நான் வல்லவள்! செயின்ட்-மிஷேலில் உள்ள தம் வீட்டில் அவர் தனியே இருந்தார். சில மாதங்கள் கழித்து, வேலைக்கூடத்தின் மின்தூக்கியில் நாங்கள் இருவர் மட்டும் அகப்பட்டோம். காலை ஒன்பது மணி. அவரிடமிருந்து அந்த வாடை வீசியது.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பயப்பிடாதேயும் தங்கச்சி," என்றார், மெல்லச் சிரித்து. "இப்ப நீர் சொன்னது பொய்யில்லைத்தானே."

இனி நான் சொல்லப்போவதுதான் என் உண்மையான குற்றம். அந்தச் சொற்கள் காதில் விழுந்த கணத்தில் எனக்கு வலிக்கவில்லை... ஆறுதலாக இருந்தது! தோற்கவிருந்த வாதத்துக்குக் கடைசி நேரத்தில் சான்று கிடைத்த பேச்சாளியைப்போல், நெஞ்சு இலேசாயிற்று. ஒரு மூச்சளவு நேரம். ஆயினும் அது நிகழ்ந்தது. அதை நான் எந்த அவையில் மறுப்பேன்?

அண்ணை இப்போது வேலையில் இல்லை. எங்கே என்று கேட்கும் துணிவு எனக்கு இல்லை.

சென்ற ஞாயிறு, சாந்தி அக்காவின் எண்ணை அழைத்தேன். சொல்லவேண்டியதை எழுதியும் வைத்திருந்தேன். குறிப்பில்லாமல் ஏழு நிமிடம் பேசுகிறவள், மூன்று சொற்களைத் தாளில் எழுதிக் கையில் பிடித்திருந்தேன்: 'அது என்னுடைய கிண்ணம்.'

மூத்த மகள்தான் எடுத்தாள். "அலோ?" என்றாள். நான் பேசாதிருக்கவே, மொன்றியல் எண் என்பதாலோ என்னவோ, யாரது என்று பிரெஞ்சில் கேட்டாள். பிறகு, சற்றுத் தயங்கி, தமிழில்:

"அப்பாவோ?"

நான் வைத்துவிட்டேன்.