தீட்டுப்பட்ட மூன்று மூட்டை

என் புருஷன் என்னை அடித்தது ஒரே ஒரு தடவைதான். அந்த ஒரு தடவையில் பத்து வருஷத்துக்கு உண்டானதை அடித்துவிட்டார். எல்லாம் விதைக்கடலைக்காக.

எங்கள் கரிசலில் மழையை நம்பித்தான் கடலை போடுவோம். தையில் பறித்த காயை நன்றாகக் காயவைத்து, தோட்டை உடைக்காமல் சாக்கில் கட்டி, பலகைமேல் அடுக்கி, புரட்டாசி வரை காப்பாற்ற வேண்டும். அந்த வருஷம் பத்து மூட்டை. விதை அறைக்கு என் மாமியார் ஒரு சட்டம் வைத்திருந்தாள். வீட்டுக்குத் தூரமானவள் உள்ளே போனால் விதை முளைக்காது.

ஆடிச் சாரலில் நனைந்த யூரியா மூட்டைகளை என் புருஷன் அதே அறைக்குள் கொண்டுவந்து போட்டார். எனக்கு அது தெரிந்தது என் தூர நாளில். ஜன்னல் இல்லாத அறை. கதவிடுக்கில் வந்த நெடியிலேயே கண் எரிந்தது.

"உரத்த வெளிய எடுங்க, வெத செத்துப்போகும்."

"உன் சோலியப் பாரு, ஏட்டி" என்று பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே புகுந்து மூன்று கடலை மூட்டைகளைச் சமையல் கொட்டகைக்கு இழுத்துவிட்டேன். நாலாவதில் கை வைத்தபோது மாமியார் என் தலைமயிரைப் பிடித்தாள். "தீட்டோட வெத மேல கை வைக்கியே, மூதேவி!" என் நெற்றியைச் சுவரில் மோதினாள். அந்த மூன்றும் செக்குக்குத்தான் லாயக்கு என்று கொட்டகையிலேயே விட்டாள். யூரியாவை உள்ளே வைத்தே அறையைப் பூட்டினாள்.

புரட்டாசியில் மழை விழுந்தது. மிச்சம் ஏழு மூட்டையையும் உடைத்து விதைத்தோம். பத்து நாளாகியும் ஒன்றும் தலைகாட்டவில்லை. கிளறிப் பார்த்தால் பருப்பெல்லாம் அழுகிக் கிடந்தது. காட்டிலிருந்து வந்த என் புருஷன், என் தீட்டுதான் விதையைக் கொன்றது என்று என்னைத் தெருவுக்கு இழுத்தார். கையில் மாட்டுக் கயிறு. முதுகு, கழுத்து, முகம் என்று பார்க்கவில்லை. விழுந்த பிறகும் மிதித்தார். ஒரு பல் ரத்தத்தோடு கையில் வந்தது. தெருவே நின்று பார்த்தது. ஒருத்தி செல்போனில் படம் எடுத்தாள், தடுக்க நாதியில்லை. எனக்கு வலியைவிட ஆத்திரம்தான். கையில் அரிவாள் இருந்திருந்தால் வெட்டியிருப்பேன்.

மறுநாள் வீங்கின முகத்தோடு கொட்டகைக் கடலையில் இருபது பருப்பை எடுத்து ஈரச்சாக்கில் சுருட்டி வைத்தேன். நாலாம் நாள் பதினெட்டு முளை விட்டிருந்தது. மாமியார் முன்னால் விரித்துப் போட்டேன். அன்றே கொட்டகைக்குப் பூட்டுப் போட்டேன்.

அடுத்த மழையும் பெய்தது. சங்கரன்கோவில் கடைகளில் விதைக்கடலை இல்லை. என் புருஷன் திருவேங்கடம் வரை போய் வெறுங்கையோடு வந்தார். ஈரம் காய்ந்துவிட்டால் அந்த வருஷம் அவ்வளவுதான்.

"அந்த மூணு மூட்டையத் தா. முடிஞ்ச வரைக்கும் போடுவோம்."

"அடிச்ச எடத்துல நின்னு சொல்லுங்க, வெதையக் கொன்னது யாருன்னு."

கொட்டகைப் பூட்டை ஒரு தடவை பார்த்தார். பிறகு தெருவில் இறங்கி முனகினார்.

"கேக்கல" என்றேன்.

"நான் வச்ச யூரியாதான் கொன்னுச்சு! இவ இல்ல!" என்று கத்தினார். எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

கிட்டே போனேன். இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துக் கன்னத்தில் ஒன்று விட்டேன். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அவர் கை ஓங்கவில்லை. அந்தக் கையில் சாவியை வைத்து, "கடலை உடைக்க ஆள் கூப்பிடுங்க, ஈரம் காயுது" என்றேன்.