கார் பார்க்கில் ஒரு புனித வெள்ளி

புனித வெள்ளியன்று எங்கள் ஜார்ஜ்டவுன் கோயிலில் திருப்பாடுகளின் வரலாற்றை மூன்று பேர் பிரித்து வாசிப்பார்கள். இயேசுவின் பகுதி ஃபாதருக்கு. கூட்டத்தின் குரல் பாடகர் குழுவில் ஒருவருக்கு. நடந்ததைச் சொல்லிச் செல்லும் நீளமான பகுதி எனக்கு. இருபது வருஷம் அது எனக்குத்தான் இருந்தது. என் ழகரத்தைக் கேட்கவே அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்திலிருந்து ஆட்கள் வருவதாக யாரோ ஒருமுறை சொன்னார்கள். நான் அதை மறுக்கவே இல்லை.

போன வருஷம், புதிதாக வந்த ஃபாதர் தவக்காலத்தின் நடுவில் என்னைக் கூப்பிட்டார். "அங்கிள், இந்தத் தடவை ஆன்ட்டி வாசிக்கட்டும்லா. நீங்க கார் பார்க்கைப் பாத்துக்குங்க, அங்க ஆள் இல்ல."

ஆன்ட்டி என்றது என் மனைவியை. சரி ஃபாதர் என்றேன். மறைக்கல்வி வகுப்பில் கீழ்ப்படிதலைப் பற்றி வருஷக்கணக்காகப் பாடம் எடுத்தவன் வேறென்ன சொல்வது?

அவள் மலாய்ப் பள்ளியில் படித்தவள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அக்கரையில் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. புனித வெள்ளிக்கு இங்கே பொது விடுமுறை இல்லை, லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். வேலை முடிந்து வந்து தினமும் அடுப்படியில் நின்று வாசித்துப் பழகினாள். சொல்லிக்கொடுக்கட்டுமா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. கூடத்தில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு, அவள் தடுக்கிய இடங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அன்று மூன்று மணி வெயிலில், பிந்தி வந்தவர்களின் கார்களை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே நடப்பது வெளி ஒலிபெருக்கியில் கேட்டது. அவள் குரல் நடுங்கியது. ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுத் தொட்டுப் போனாள்.

இயேசு உயிர்விடும் இடத்தில் வாசிப்பவர் நிறுத்த வேண்டும். எல்லோரும் முழங்காலிட்டு மௌனமாக இருப்பார்கள். நான் மனதுக்குள் பத்து வரை எண்ணிவிட்டுத் தொடர்வேன். அவள் நிறுத்தினாள். பத்து போயிற்று, இருபது போயிற்று, முப்பதும் போயிற்று. வரியைத் தொலைத்துவிட்டாள் என்று நினைத்தேன். ஓடிப்போய் எடுத்துக்கொடுக்க நாலு எட்டு வைத்தும்விட்டேன். வழியில், அப்போதுதான் மோட்டார் சைக்கிளை நிறுத்திய ஒருவர், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் தரையில் முழங்காலிட்டிருந்தார். அவரைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. நானும் முழங்காலிட்டேன். தார் சுட்டது. உள்ளே ஓர் இருமல் சத்தம்கூட இல்லை. பிறகு அவள் மெல்லத் தொடர்ந்தாள்.

காரில் வீடு திரும்பும்போது சிக்னலில் அவள் கையைப் பிடித்தேன். என் மனைவியை அன்று பிடித்த மாதிரி எனக்கு என்றுமே பிடித்ததில்லை. ஆனாலும் பழைய புத்தி விடவில்லை, அந்த இடத்தில் வரி தவறிவிட்டதா என்று கேட்டுவிட்டேன்.

"வரி தவறலங்க," என்றாள். "கண்ணுல தண்ணி வந்திருச்சு. எழுத்து தெரியல. அதான் நின்னுட்டேன்."

பச்சை விளக்கு விழுந்தது. காரை எடுத்தேன். இருபது வருஷம் அதே பக்கத்தை வாசித்திருக்கிறேன். எனக்கு ஒருமுறைகூட எழுத்து மங்கியதில்லை.