கப்பலுக்கு நான் கொண்டுபோன ஓம வாட்டர்

வெள்ளிக்கிழமை காலை 5.20 மணிக்கு விழுப்புரத்தில் எங்கள் தெருமுனையில் வாடகைக் கார் வந்து நின்றது. சென்னைத் துறைமுகம் வரை ஏறக்குறைய 165 கிலோமீட்டர். வாடகை 4,200 ரூபாய், சுங்கக் கட்டணம் தனி. ஓட்டுநர் ஏழுமலைக்கு ஐம்பது வயதிருக்கும். கப்பலுக்குப் போகிறோம் என்றதும் தூக்கிய பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"கப்பலா? எந்த ஊருக்கு சார்?"

"எந்த ஊருக்கும் இல்லப்பா. ரெண்டு ராத்திரி கடல்ல சுத்திட்டு மறுபடி சென்னைக்கே வந்துடும்."

"ஒரு எடத்துக்கும் போவாத கப்பலுக்கு டிக்கெட்டு வேறயா? நல்லா கீது சார்."

பின் இருக்கையிலிருந்து கஸ்தூரி சிரித்தாள். என் மனைவி, வயது அறுபத்தாறு. மரக்காணத்திலும் புதுச்சேரியிலும் கரையில் நின்றுதான் அவள் கடலைப் பார்த்திருக்கிறாள். நடுக்கடலை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள் இருவருக்குமாக 54,000 ரூபாய் கட்டிச் சீட்டு எடுத்துக் கொடுத்தாள். சாப்பாடு அதில் அடக்கம். மதுவும் குளிர்பானங்களும் அடக்கமில்லை. கப்பலில் குடிக்கும் செலவை எப்படிக் குறைக்கலாம் என்று பலர் கேட்பதால் இதை எழுதுகிறேன். எப்படிக் குறைக்கக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதியாக வேண்டும். ஏனென்றால் அதைச் செய்தவன் நான்.

எனக்கு எழுபத்தொரு வயது. முப்பத்தொரு ஆண்டுகள் வேதியியல் கற்பித்தேன். மாலையில் இரண்டு அளவு மது குடிப்பேன். வீட்டில் அதற்கென ஓர் அலமாரி உண்டு. கஸ்தூரி அந்தப் பக்கம் போகமாட்டாள், என் தம்ளரை நானே கழுவி வைப்பேன். அவள் பொருளோடு என் பொருள் கலக்கக் கூடாது. அவள் விதித்த ஒரே நிபந்தனை அதுதான். நாற்பத்திரண்டு ஆண்டுகள் அதை மீறியதில்லை.

காலை 6 மணிக்குக் கூட்டேரிப்பட்டில் தேநீர், ஒன்று 15 ரூபாய். கஸ்தூரி காரிலிருந்து இறங்கி மயிலம் முருகன் மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் தம்ளரை வாங்கினாள். 6.30-க்குத் திண்டிவனத்தில் அவள் தங்கை மல்லிகாவும் மல்லிகாவின் கணவர் தணிகாசலமும் ஏறிக்கொண்டார்கள். தணிகாசலம் எனக்குச் சகலை. ஏறியதும் என் காதருகே குனிந்தார்.

"இன்னா வாத்தியாரே, சரக்கு பத்திரமா கீதா?"

எங்கள் பக்கத்து ஆண்கள் நாலு பேர் கூடினால், புதுச்சேரியில் விலை குறைவாக வாங்கிய பாட்டிலை எல்லைச் சோதனைச்சாவடியில் சிக்காமல் எப்படிக் கொண்டுவந்தோம் என்ற கதை கட்டாயம் வரும். இட்லிக் குண்டானுக்குள் வைத்தது, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைக்குள் புதைத்தது என்று ஆளுக்கொரு வீரக்கதை. நான் அவற்றைக் கேட்டுச் சிரிப்பேனே தவிரச் செய்ததில்லை. கப்பலின் இணையதளத்தில் விலைப்பட்டியலைப் பார்த்ததும் எனக்கும் ஆசை வந்துவிட்டது. அறுபது மில்லி வோட்கா 600 ரூபாய், வரி தனி. வெளியிலிருந்து மது கொண்டுவரக் கூடாது என்றும் அதே பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தது.

தணிகாசலம் புதுச்சேரியில் வோட்கா வாங்கி வந்தார். மீதி வேலை என்னுடையது. கஸ்தூரி பயணம் எங்கே போனாலும் வயிற்றுக்கு ஓம வாட்டர் எடுத்துப்போவாள். அதே கடையில் அதே பாட்டில் இரண்டு வாங்கினேன். உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டு வோட்காவை ஊற்றினேன். கழுவியும் ஓம வாசனை போகவில்லை. அதுவும் நல்லதற்கே என்று நினைத்தேன். என்னுடையவை எவை என்று தெரிய, இரண்டின் கழுத்திலும் சிவப்புக் கயிறு சுற்றினேன். மூன்றையும் அவளுடைய மருந்துப் பையில், இரத்த அழுத்த மாத்திரைக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் நடுவில் வைத்தேன். உள்ளே இருப்பது ஒன்று, மேலே ஒட்டியிருக்கும் சீட்டு வேறொன்று என்று ஒரு புட்டி ஆய்வகத்தில் இருக்கக் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளுக்கு நான் சொன்ன முதல் பாடம் இது.

"எதுக்குங்க மூணு?" என்று கேட்டாள்.

"கடல் பயணமாச்சே, இருக்கட்டும்னு வாங்கினேன்."

நான் நினைவு வைத்து வாங்கியதில் அவள் முகம் மலர்ந்ததை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன்.

பகல் 11.40. துறைமுகத்தில் பைகளைக் கருவிக்குள் அனுப்பிப் பார்த்தார்கள். காவல் பணியிலிருந்த பெண், மருந்துப் பையைத் திறந்து ஒரு பாட்டிலை வெளியே எடுத்தார். நான் அதன் கழுத்தைப் பார்த்தேன். அது கயிறு கட்டாத பாட்டில்.

"ஓம வாட்டருங்க. வயித்துக்கு. மோந்து பாருங்க," என்றாள் கஸ்தூரி. அந்தப் பெண் முகர்ந்தார், சிரித்தார், பையை மூடிக் கொடுத்தார். என் மனைவி உண்மையைச் சொன்னாள். அந்த உண்மையை வைத்து என் பொய் உள்ளே போனது. தணிகாசலம் என் முதுகில் தட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினோரு தளங்கள். உள்ளே நுழைந்ததும் ஐந்து மாடி உயரத்துக்குத் திறந்த கூடம், நடுவில் கண்ணாடி மின்தூக்கிகள். எங்கள் அறை ஆறாவது தளத்தில். கைவிரித்தால் இரண்டு சுவரும் தொடும் அளவுதான், ஆனால் வட்ட ஜன்னல் நிறையக் கடல். மாலை 5 மணிக்குக் கப்பல் நகர்ந்தது. நகர்ந்ததே தெரியவில்லை; சென்னைதான் மெல்ல விலகிப் போனதுபோல் இருந்தது. மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கஸ்தூரி ஒரு மணி நேரம் நின்றாள். "ஒரு ஆட்டம் இல்ல, குலுக்கல் இல்ல. நம்ம ஊரு டவுன் பஸ்ஸு இதுகிட்ட பிச்சை வாங்கணும்," என்றாள். தட்டு எடுக்கிறவரிலிருந்து தரை துடைக்கிறவர் வரை வணக்கம் சொல்லாமல் யாரும் எங்களைக் கடந்து போகவில்லை.

அன்று மாலை நானும் தணிகாசலமும் ஆளுக்கொரு எலுமிச்சை சோடா வாங்கினோம், 180 ரூபாய். மீதியைக் கயிறு கட்டிய முதல் பாட்டில் பார்த்துக்கொண்டது. இரண்டாவது பாட்டிலைப் பையிலேயே விட்டுவைத்தேன். அறையைச் சுத்தம் செய்ய வருகிறவர் மருந்துப் பையைத் தொடமாட்டார். ஒரு பாட்டில் ஓம வாட்டர் கஸ்தூரிக்கு ஒரு மாதம் வரும். இதுதான் என் கணக்கு.

சனிக்கிழமை காலை வரை அந்தக் கணக்கு சரியாக இருந்தது. பதினோரு மணிக்குமேல் காற்று எழுந்தது. அத்தனை பெரிய கப்பலும் ஊஞ்சல்போல் அசையத் தொடங்கியது. மல்லிகா படுத்துவிட்டாள். கஸ்தூரி தன் பாட்டிலைத் தங்கையின் அறைக்குக் கொண்டுபோய் அங்கேயே கொடுத்துவிட்டு வந்தாள். அது எனக்குத் தெரியாது.

மாலை 4 மணிக்கு நானும் தணிகாசலமும் பத்தாவது தளத்தில் இருந்தோம். மது பரிமாறும் இடத்தில் குமரி மாவட்டத்துக்காரர் ஒருவர் நின்றார். நரைத்த மீசை, கனிவான பேச்சு.

"நாலுல இருந்து ஆறு வரைக்கும் எல்லாம் பாதி விலைதான் சார். கூப்பன் முன்னாடியே வாங்கியிருந்தா அதுலயும் குறையும். உங்களுக்கு யாரும் சொல்லலியா?"

தணிகாசலம் என்னைப் பார்த்தார். "பாதி வெலைன்னா இவ்ளோ பேஜாரு எதுக்கு வாத்தியாரே?"

"கையில இருக்கறத வச்சிக்கினு எதுக்குக் காசு குடுக்கணும்?" என்று சொல்லிவிட்டு, இரண்டாவது பாட்டிலை எடுக்க 4.40-க்கு அறைக்கு இறங்கினேன்.

கஸ்தூரி கட்டிலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். புடவை வியர்வையில் நனைந்திருந்தது. பக்கத்தில் வாந்தி. சிவப்புக் கயிறு கட்டிய பாட்டில் மேசையில் நின்றது; கால் பாகம் குறைந்திருந்தது.

"தலைய சுத்துதுங்க," என்றாள். நாக்கு குழறியது. "ரொம்ப எரிஞ்சுது. ஆனா மயிலத்துக் கயிறு கட்டிக்கினு வந்திருக்கீங்களே... வுடக்கூடாதுன்னு ஒரே மூச்சா குடிச்சிட்டேன்."

நான் அடையாளத்துக்குச் சுற்றிய கயிற்றை, அவளுக்காக வேண்டிக்கொண்டு முருகன் கோயிலிலிருந்து நான் கட்டி வந்ததாக அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். அரைத் தம்ளர் வோட்காவைப் பிரசாதம்போல் குடித்திருந்தாள்.

கப்பல் ஊழியர்கள் அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து மூன்றாவது தளத்து மருத்துவ அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். தணிகாசலம் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "வாயத் தொறக்காதீங்க. ஓம வாட்டர்னு சொல்லுங்க. தெரிஞ்சா போலீஸு, ஃபைனு, பேப்பர்ல பேரு. இன்னைக்குக் கப்பல்ல பாதி பேரு வாந்திதான். ஊசி போட்டா சரியாப்பூடும்."

மருத்துவர் தமிழ் பேசும் பெண், நடுவயது. "என்ன சாப்பிட்டாங்க ஐயா?" என்று கேட்டார்.

"ஓம வாட்டர்," என்றேன்.

கஸ்தூரி கண்ணை மூடியிருந்தாள். வாயில் ஓம வாசனைதான் வந்தது. காலையிலிருந்து கடல்நோயாளிகளையே பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர் ஊசியில் மருந்தை உறிஞ்சி எடுத்தார். "வாந்தி நிக்கும். நல்லா தூங்கிடுவாங்க. பயப்படாதீங்க," என்றார். தூங்கவைக்கும் மருந்தும் மதுவும் ஓர் உடம்பில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும், அவள் கையில் பஞ்சு வைத்துத் துடைக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். அரை நிமிடம் இருக்கும். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படும் அரை நிமிடம் அது.

"நிறுத்துங்கம்மா. அது ஓம வாட்டர் இல்ல. வோட்கா. நான்தான் மாத்தி ஊத்தினேன். அவளுக்குத் தெரியாது. சர்க்கரை மாத்திரையும் போட்டிருக்கா."

மருத்துவர் ஊசியைத் தட்டில் வைத்தார். என்னைத் திட்டவில்லை, திட்ட நேரமில்லை. விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தார். 54. உடனே கையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். "தூங்க வச்சிருந்தா சர்க்கரை இறங்கினதே நமக்குத் தெரிஞ்சிருக்காது," என்று மட்டும் சொன்னார், அதுவும் என் முகத்தைப் பார்க்காமல்.

ஏழரை மணிக்குக் கஸ்தூரி எழுந்து உட்கார்ந்து அரை இட்லி சாப்பிட்டாள். நான் நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். கடைசிவரை கேட்டாள்.

"இத்தினி வருசத்துல ஒரு நாளு கூட நீங்க எனக்குன்னு கோயிலுக்குப் போய்க் கயிறு கட்டிக்கினு வந்ததில்ல," என்றாள். "நான்தான் யோசிச்சிருக்கணும்."

பிறகு வாசலில் நின்ற தணிகாசலத்தைப் பார்த்து, "நீங்க ஏங்க அங்கயே நிக்கிறீங்க? உங்க சரக்கு நல்ல சரக்குதான். ஒரே தம்ளர்ல நடுக்கடல் மொத்தமும் பாத்துட்டேன்," என்றாள். மல்லிகா அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். தணிகாசலம் சிரிக்கவில்லை.

கப்பலின் பாதுகாப்பு அதிகாரி வந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு, நான் செய்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அவமானப்படுத்துவார் என்று எதிர்பார்த்தேன். "அம்மா நல்லா இருக்காங்க இல்ல, அது போதும்," என்று சொல்லிவிட்டுப் போனார். மருத்துவச் செலவு 6,800 ரூபாய். இரண்டு நாளில் நான் மிச்சம் பிடிக்க நினைத்தது அதில் பாதிகூட இல்லை.

ஞாயிறு காலை 5.30. கடல் அடங்கியிருந்தது. கஸ்தூரி தானே எழுந்து மேல்தளத்துக்குப் போகலாம் என்றாள். கரை எந்தப் பக்கமும் இல்லை. முதலில் ஒரு செம்பு நிறக் கோடு. பிறகு நீரிலிருந்து கழன்று வருவதுபோல் சூரியன். இதைவிட நல்ல காட்சியை என் கண் கண்டதில்லை. கஸ்தூரி கும்பிட்ட கையை இறக்காமல் நின்றாள். நான் இரண்டு கோப்பைத் தேநீர் எடுத்து வந்தேன். அங்கே அது விடிகாலையிலிருந்து இலவசம்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். சாப்பாட்டுக் கூடத்தில் தண்ணீரும் தேநீரும் காப்பியும் காலைப் பழச்சாறும் இலவசம். வெறும் புட்டி ஒன்று கொண்டுபோனால் நிரப்பிக்கொள்ளலாம், ஒரு லிட்டருக்கு 100 ரூபாய் கொடுக்க வேண்டாம். நாள் முழுக்கக் குடிக்கும் திட்டம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,900. ஓர் அறையில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் எடுக்க வேண்டும். எங்களைப்போன்ற வயதானவர்களுக்கு அது நட்டம். கூப்பனை வீட்டிலிருந்தே வாங்குங்கள். நாலு மணிக்குப் போங்கள். இரண்டு அளவோடு நிறுத்துகிறவனுக்குப் பெரிய செலவே இல்லை. இவ்வளவும் அந்த இணையதளத்தில் இருந்தது. நான் விலையை மட்டும் படித்துவிட்டு மூடியிருந்தேன்.

9 மணிக்கு இறங்கினோம். மருத்துவர் படிக்கட்டுவரை வந்து கஸ்தூரியின் கையைப் பிடித்து வழியனுப்பினார். அந்தக் கப்பலில் யார்மீதும் எனக்குக் குறையில்லை.

வெளியே ஏழுமலை காத்திருந்தார். "எப்பிடி இருந்துச்சும்மா கப்பலு?"

"கப்பல் ரொம்ப நல்ல கப்பல்ப்பா," என்றாள் கஸ்தூரி.

தணிகாசலத்தையும் மல்லிகாவையும் திண்டிவனத்தில் இறக்கிவிட்டு விழுப்புரம் சாலையில் திரும்பியபோது வெயில் ஏறிவிட்டது. தாகமாக இருக்கிறது என்றாள் கஸ்தூரி. காரை நிறுத்தி, ஒரு பெட்டிக்கடையில் 20 ரூபாய்க்குத் தண்ணீர் பாட்டில் வாங்கினேன். அவள் பார்க்கத்தான் மூடியைத் திருகி உடைத்தேன், சத்தம்கூடக் கேட்டது.

வாங்கிக்கொண்டாள். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். பிறகு குடித்தாள்.