நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல்

ஐம்பதுகளின் தொடக்கத்தில் நான் திருவொற்றியூரில் ஒரு தீப்பெட்டி ஆலையில் வேலை பார்த்தேன். பெட்டிக்குள் குச்சி அடுக்கும் வேலை. மழைக்காலத்தில் பிடித்த இருமல் கோடையிலும் விடவில்லை. ஒருநாள் முந்தானையில் ரத்தம் பட்டிருந்ததை மேஸ்திரி பார்த்துவிட்டார். அடுத்த வாரம் நான் காசநோய் வார்டில் படுத்திருந்தேன்.

எனக்கு இடது பக்கத்துக் கட்டிலில் கல்மண்டபத்திலிருந்து வந்த தெலுங்கு அத்தை. அவள் புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். வலது பக்கம் வண்ணாரப்பேட்டை அக்கா. ஹைதராபாத் பக்கம் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். வீட்டுப் பேச்சு உருது. தமிழை இங்கே வந்து கற்றுக்கொண்டாள். கணவர் கப்பலில் சமையல்காரர், மாதக்கணக்கில் கடலில் இருப்பவர். அவளுடைய இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அவள் அம்மாவும் தம்பியும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். அம்மாவுக்கு அதிக தூரம் நடக்க முடியாது. அதனால் மகளைப் பார்க்க ஒருமுறைகூட வரவில்லை. தம்பி மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வராந்தாவில் நின்று பேசிவிட்டுப் போவான். அவனுக்குத் தமிழ் தெரியாது.

வார்டில் செய்ய ஒன்றுமில்லை. மருந்து அட்டைப் பெட்டிகளை நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் ஓர் எழுத்தை எழுதினேன். துண்டுகளை எடுத்துச் சொல் சேர்க்க வேண்டும். எழுத்துக்கு ஒரு மார்க்கு, அர்த்தத்துக்கு ஒரு மார்க்கு. எந்த பாஷை அர்த்தமும் செல்லும் என்று நாங்களே ஒரு சட்டம் வைத்துக்கொண்டோம். அதனால் நீளமான சொற்களைவிட, பல பாஷைகளில் அர்த்தம் தரும் குட்டிச் சொற்களுக்கே மதிப்பு அதிகம்.

ஒருநாள் எனக்கு 'கல்' வந்தது. எழுத்துக்கு இரண்டு. தரையில் கிடக்கும் கல் ஒன்று, 'கற்றுக்கொள்' என்று சொல்லும் கல் ஒன்று. நான்கு மார்க்கு.

"எங்க பாஷையில நேத்தும் கல்தான், நாளைக்கும் கல்தான்," என்றாள் அக்கா. "ஆறு போட்டுக்கோ."

"எங்களுக்கு கலன்னா கனா. அதுக்கும் ஒண்ணு போடு," என்றாள் அத்தை.

"அது வேற அத்தை. இதுல புள்ளி கீது," என்றேன்.

"ஒரு புள்ளிக்கோசரம் கனாவே வாணாங்கிறியா?" என்று அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் அக்காவிடம் கேட்டேன். "ரெண்டுக்கும் ஒரே வார்த்தைன்னா எது நேத்து, எது நாளைக்கின்னு எப்படித் தெரியும்?"

"முழுசா கேட்டா தெரியும்," என்றாள்.

அந்த மாதத்திலேயே ஒரு புதன்கிழமை. பார்வையாளரை உள்ளே விடாத நாள். வேலைக்கு வந்த ஆயா நேராக அக்காவிடம் வந்தாள்.

"உன் தம்பி கேட்டாண்ட வந்துச்சு. வாச்மேன் உள்ள வுடல. 'அம்மா, கல்'லுன்னு இன்னாமோ சொல்லிச்சு. மீதி எனுக்கு பிரியல. வெயில்ல துண்டால மூஞ்சிய தொடச்சிகினே நின்னுச்சு. இப்ப போயிடுச்சு."

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். "அம்மா நாளைக்கு வராங்களாம்," என்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் விடியும் முன்பே குளித்தாள். வேண்டாம் என்று நர்ஸ் சொல்லியும் கேட்கவில்லை. நான்தான் தலை வாரிவிட்டேன். கொத்துக் கொத்தாக முடி சீப்போடு வந்தது. அவள் பார்க்காதபடி சுருட்டிப் போட்டேன். காலையில் கொடுத்த அவித்த முட்டையை அவள் சாப்பிடவில்லை. அம்மாவுக்கென்று துணியில் சுற்றித் தலையணைக்கடியில் வைத்தாள். பிறகு வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். சாலையில் ரிக்‌ஷா மணி கேட்டபோதெல்லாம் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். சாயங்காலம் காய்ச்சல் ஏறியதும் நர்ஸ் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தாள்.

"ரிக்‌ஷா கிடைச்சிருக்காது," என்றாள் அக்கா. மறுநாளும் அதையே சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். அவன் பேசப் பேச அக்கா வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். நாங்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நேத்தாம்," என்றாள்.

எங்களுக்கு விளங்கவில்லை.

"அன்னைக்கு அவன் சொன்னது நேத்து. அம்மா போயிட்டாங்க. செவ்வாய்க்கிழமையே அடக்கம் பண்ணிட்டாங்க."

அத்தை ஆயாவைத் திட்ட ஆரம்பித்தாள். அக்கா தடுத்தாள். "அவங்க காதுல விழுந்தத சொன்னாங்க. நான்தான் எனக்கு வேணுங்கிறத எடுத்துக்கிட்டேன்."

என் பக்கம் திரும்பினாள். "அம்மா மண்ணுக்குள்ள இருக்காங்க. நான் அவங்களுக்கு முட்டை எடுத்து வச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன்." அதற்குப் பிறகுதான் அழுதாள். அழுகையும் இருமலும் சேர்ந்து வந்தன. அத்தை அவள் முதுகைத் தடவிக்கொண்டே தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதன்பின் தம்பி வரும்போதெல்லாம் ஆயாவைத் தேடிப்போய், புதிதாகக் கற்ற தமிழில் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசுவான். நேத்து, நாளைக்கு, ஞாயித்துக்கிழமை. அவள் திருப்பிச் சொல்லும்வரை நகரமாட்டான்.

அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மழை தொடங்கியபோது அவளைத் தனி அறைக்கு மாற்றினார்கள். அங்கே எங்களை விடமாட்டார்கள். ஒருநாள் காலை ஆயா வந்து அக்காவின் பழைய கட்டிலருகே இருந்த செருப்பை எடுத்தாள். அக்காவின் தம்பி வாசலில் நிற்கிறான் என்று சொல்லிவிட்டு, அதைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோனாள்.

புதிதாக வந்த ஊசியில் நான் பிழைத்தேன். ஆலையில் திரும்ப எடுக்கவில்லை. பக்கத்தில் உட்காரப் பெண்கள் பயப்படுகிறார்கள் என்று மேஸ்திரி சொன்னார். வீட்டிலேயே அப்பளம் இட்டேன்.

ஒருமுறை வண்ணாரப்பேட்டைக் கடைத்தெருவில் அந்தத் தம்பியைப் பார்த்தேன். இரண்டு குழந்தைகளுக்கும் துணி எடுத்துக்கொண்டிருந்தான். பெரியவள் அக்காவின் ஜாடை. "ஒடம்பு நல்லா இருக்கா?" என்று தமிழில் கேட்டான். நல்லா இருக்கு என்றேன். அப்பா கப்பலிலிருந்து வந்தாரா என்று குழந்தைகளைக் கேட்க வாய் எடுத்தேன். 'கல்' என்று பதில் வந்தால் எது என்று எனக்குத் தெரியாது. கேட்காமல் வந்துவிட்டேன்.