வலது கைச் சின்னம்

நேற்று வெள்ளவத்தையிலுள்ள என் தையல் கடைக்கு ஒரு விமானப்படைப் பையன் வந்தான். புதிதாகச் சேர்ந்த பிரிவின் சின்னத்தைச் சட்டைக் கையில் தைக்க வேண்டுமாம். கஞ்சி போட்ட நீலத் துணியின் மணம் பட்டதும் என் கை நின்றுவிட்டது.

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் எப்போதும் அந்த மணம்தான். அப்பா படைக்காரருக்குச் சின்னம் தைப்பார். காத்திருப்பவர்கள் தங்கள் பிரிவுகளைப் பற்றி என்னிடம் பெருமையடிப்பார்கள்.

போர் நடந்த காலம். எனக்குப் பத்து வயதில் ஒரு காலை இராணுவத்தினர் தேடுதலுக்கு வந்தார்கள். தமிழ் வீட்டுக் கொடியில் ஆறு சீருடைகளைக் கண்டதும் அப்பாவைச் சுவரோடு நிறுத்தினார்கள்.

"தைக்கத் தந்தது சேர்," என்றார் அப்பா. அதிகாரி நம்பவில்லை.

அவரைக் காப்பாற்றவென்று நான் முன்னே ஓடினேன். "உண்மைதான் சேர்! இது ஹெலிகொப்டர்காரர். இது சாமான் ஏத்துற பிளேன்காரர். இவையள் திருகோணமலையிலை இருக்கினம்!"

அதிகாரி என்னிடம் குனிந்தார். "இவ்வளவும் யார் சொல்லிக் குடுத்தது? அப்பாவா?"

அப்பா கண்களை மூடிக்கொண்டார். உளவாளி என்று அவரை ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஒன்றரை வருடம் கழித்துத் தடுப்புக்காவலிலிருந்து வந்தவரால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அதற்குள் நான் ஐந்தாம் வகுப்போடு நின்று, அவருடைய மெஷினில் உட்கார்ந்திருந்தேன்.

"அங்கிள், எந்தக் கையில தைக்கிறது? தெரியுமா?" பையன் சிங்களத்தில் கேட்டான்.

அப்பா தைத்த அதே சின்னம். வலது கைக்குரியது.

"தெரியாது தம்பி. நீங்களே காட்டுங்க."

யோசித்துவிட்டு இடது கையைக் காட்டினான். காட்டிய இடத்திலேயே தைத்துக் கொடுத்தேன்.