பலகையில் ஒரு டம்ளர் தண்ணீர்

எண்பதுகளின் தொடக்கம். அப்போது ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். நாங்கள் வாடகைக்கு இருந்த பழைய மண்சுவர் வீட்டின் பின்புறத்தை ஒட்டிக் கழிவுநீர்க் கால்வாய் ஓடியது. நாற்றம் பழகிப்போனதில் கால்வாய் இருப்பதே எங்களுக்கு மறந்துவிட்டிருந்தது.

என் பத்து வயது மகள் டைபாய்டு வந்து மூன்று வாரம் கட்டிலோடு கிடந்தாள். பொழுது போகட்டும் என்று நோட்டும் பென்சிலும் கொடுத்தேன். கால்மாட்டில், கால்வாய்ப் பக்கத்துச் சுவரில் இருந்த பலகைதான் அவள் கண்ணுக்கு எதிரே இருந்தது. அதையே தினமும் வரைந்தாள்: பித்தளைச் சொம்பு, சீப்பு, மருந்து பாட்டில், கண்ணாடி டம்ளரில் தண்ணீர். சொம்பின் நசுங்கலில் ஜன்னல் வெளிச்சம் தேங்கி நிற்பதைக்கூட அவள் விடவில்லை. தினமும் நான் கையில் எடுத்த சொம்பு அது. அவ்வளவு அழகானது என்று எனக்குத் தெரியாது.

சில நாட்களில் படத்தில் பலகை சாயத் தொடங்கியது. நிமிர்ந்து பார்த்தால் சுவரில் நேராகத்தான் இருந்தது.

"ஸ்கேல் வெச்சுப் போடும்மா."

"அது அப்படித்தாம்பா கீது."

"எனக்கு இன்னா கண்ணு இல்லியா?"

நானே ரப்பரால் அழித்து, ஸ்கேலைக் கையில் கொடுத்து நேராக்க வைத்தேன். அவள் அழவில்லை. மறுநாள் இன்னும் சாய்வாக வரைந்தாள்.

பலகையில் வைத்த பென்சிலும் தானாக உருண்டு விழ ஆரம்பித்தது. எப்போதும் ஒரே பக்கம். "யாரோ தள்ளி உடற மாதிரியே இருக்குங்க" என்றாள் மனைவி. பக்கத்து வீட்டம்மா தர்காவில் குழந்தைக்கு ஓதி ஊதிக்கொண்டு வரச் சொன்னார். எனக்கு வேறு பயம்: காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டதோ? ஒரு நாள் நோட்டை வேகமாகப் புரட்டினேன். பக்கங்கள் ஓட ஓட, அந்தப் பலகை உயிருள்ளது போல மெல்லக் கீழே இறங்கியது. நோட்டைக் கீழே போட்டுவிட்டேன்.

மூவருமாக வேலூருக்குப் போனோம். மருத்துவர் அவளை நடக்கவிட்டுப் பார்த்தார், விரலை ஆட்டிக் கண்ணைச் சோதித்தார். பிறகு நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"கொழந்தைக்கு ஒண்ணுமில்ல சார். இவ பார்வை சாஞ்சிருந்தா தண்ணியும் இல்ல சாஞ்சிருக்கணும்? எல்லாப் படத்துலயும் தண்ணி மட்டமா இருக்கு. பலகைதான் எறங்குது. போய் மொதல்ல வீட்டப் பாருங்க."

இருவரையும் அங்கேயே உறவினர் வீட்டில் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்ததும் டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் பலகையில் வைத்தேன். அவள் வரைந்தபடியே, ஒரு பக்கம் மட்டும் அரை விரற்கடை ஏறி நின்றது தண்ணீர். பின்புறம் போய்ச் சுவரின் அடியைக் கால் கட்டை விரலால் அழுத்தினேன். கால்வாய் நீர் ஊறி ஊறி, பிசைந்த மாவைப் போல உள்ளே போனது விரல்.

கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டினேன். மூன்றாம் நாள் நண்பகலில், மழையும் இல்லை காற்றும் இல்லை, அந்தச் சுவர் அப்படியே கட்டில் மேல் விழுந்தது.

சொன்னபோது மகள் கேட்டது ஒன்றுதான்: "டம்ளர் ஒடஞ்சிடுச்சாப்பா?"

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பலகை சாயத் தொடங்காத முதல் நாட்களைத் தாண்டிவிட்டால், கோடுகள் நேராக இருக்கும் பக்கம் ஒன்றே ஒன்றுதான். நான் அழித்துத் திருத்த வைத்த பக்கம் அது.